வெளிப்பெட்டிக்குப் பந்தல் போடுவதற்கு முன்

பங்குனி பிறந்துவிட்டால் சென்னையின் மொட்டைமாடிகளில் ஏசியின் வெளிப்பெட்டிகளுக்கு மேலே பச்சை வலைகளும் தகரக் கூரைகளும், சில வீடுகளில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர்களும்கூட முளைக்கத் தொடங்கிவிடுகின்றன. வெயிலில் நிற்கும் இயந்திரத்துக்கு நிழல் கொடுத்தால் மின்கட்டணம் குறையும் என்ற எண்ணம் தவறானது அன்று. ஆனால் எந்த வகை நிழலால் எவ்வளவு குறையும் என்று கணக்குப் பார்க்காமல் கட்டப்படும் பந்தல்களில் சில, கட்டணத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடுகின்றன. அப்படி ஒன்றைக் காசு கொடுத்துக் கட்டி, பிறகு காசு கொடுத்தே பிரித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டி செய்யும் வேலையைப் பார்த்துவிடலாம். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து ஏறத்தாழ 5.2 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. அதற்காக அது செலவிடும் மின்சாரம் சுமார் 1.5 கிலோவாட். இவை இரண்டும் சேர்ந்து ஆறரைக் கிலோவாட்டுக்கும் அதிகமான வெப்பம் வெளிப்பெட்டியின் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். பெட்டியின் முதுகிலும் ஒரு பக்கத்திலும் உள்ள மெல்லிய அலுமினியத் தகடுகளின் இடுக்கு வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுத்து, சூடேறிய அந்தக் காற்றை முன்பக்க விசிறியால் வெளியே தள்ளுவதே அதன் தொழில். உச்சிவெயிலுக்கு நேராக வைத்த ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் வெயிலின் ஆற்றல் ஏறக்குறைய ஒரு கிலோவாட். வெளிப்பெட்டியின் மேற்பரப்போ கால் சதுர மீட்டர்தான். முன்முகத்தைக் கணக்கில் எடுத்தாலும் வெயிலுக்கு நேராக நிற்கும் பரப்பு அரை சதுர மீட்டரைத் தாண்டுவது அரிது. ஆகவே பெட்டியின் மீது நேரடியாக விழும் வெயில் கொண்டுவரும் வெப்பம் 200 முதல் 400 வாட் வரை இருக்கலாம். ஆறாயிரத்து ஐந்நூறு வாட்டை வெளியேற்றும் இயந்திரத்துக்கு அது பெரிய பாரம் அன்று.

பாரமாவது எதுவென்றால், அது இழுக்கும் காற்றின் சூடு. அந்தக் காற்று ஒரு டிகிரி கூடினால் கம்ப்ரசர் உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ இரண்டு சதவீதம் கூடும் என்று பொதுவாகக் கொள்ளலாம். எனவே நாம் நிழல் தர வேண்டியது தகரப் பெட்டிக்கு என்பதைவிட, அது இழுக்கும் காற்றுக்கும், அந்தக் காற்றைச் சூடாக்கும் தரைக்கும் சுவருக்கும் என்பதே பொருத்தம். அமெரிக்காவின் எரிசக்தித் துறை, நிழலில் ஓடும் ஏசி பத்து சதவீதம் வரை மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லிவந்திருக்கிறது. புளோரிடா சூரிய ஆற்றல் மையம் மூன்று வீடுகளில் அளந்து பார்த்து 1996இல் வெளியிட்ட முடிவோ, பெட்டிக்கு மட்டும் தரும் நிழலால் மூன்று சதவீதத்துக்கும் குறைவாகவே மிச்சமாகிறது என்றும், காற்றோட்டத்தை மறித்துவிடும் ஆபத்து அந்த மிச்சத்தைவிடப் பெரிதாகலாம் என்றும் கூறியது. புளோரிடாவின் புழுக்கம் நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்துக்கு நெருக்கமானது என்பதால் நான் இரண்டாவது கணக்கையே நம்புகிறேன்.

அதை வீட்டுக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு எட்டு யூனிட் இழுக்கும் ஏசி, இரண்டு மாதத்தில் 480 யூனிட் இழுக்கும். அதில் மூன்று சதவீதம் என்பது 14 யூனிட். தமிழ்நாட்டில் இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுகிறது என்பதால், அந்த எல்லையை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு 14 யூனிட்கூடப் பொருட்டுதான். ஆனால் அதற்காகப் பல ஆயிரம் ரூபாய்க்கு ஆங்கிள் வெல்டிங் வைத்துக் கூண்டு கட்டுவது எந்தக் கணக்குக்கும் ஒத்துவராது.

நான் கட்டியது அப்படிப்பட்ட கூண்டுதான். மாடியில் மேற்குப் பார்த்து நின்ற பெட்டிக்கு மூன்று பக்கமும் தகரம் அடித்து மேலே கூரையும் போட்டேன். அடுத்த கத்திரியில் பிற்பகல் மூன்று மணியானால் அறை குளிரவில்லை. சில நாட்களில் கம்ப்ரசர் தானாகவே நின்றுவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக் கருவி எதையும் எடுக்கவில்லை. பெட்டியின் முதுகுக்கும் தகரத்துக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பார்த்துவிட்டு, "மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா எப்படி சார் ஓடும்?" என்று கேட்டார். அன்று அந்த இடுக்கில் வெப்பமானியைத் தொங்கவிட்டபோது 47 டிகிரி காட்டியது. பத்தடி தள்ளித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் 38 டிகிரிதான் இருந்தது. முன்னால் தள்ளிய சூடான காற்றே கூரையில் மோதிப் பின்புறமாகச் சுற்றி வந்து, மறுபடியும் உள்ளே இழுக்கப்பட்டிருக்கிறது. தகரத்தைக் கழற்றிய மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்தில் 40 டிகிரி.

ஆகையால் எதையும் வாங்குவதற்கு முன்னால் இந்த அளவை எடுத்துவிடுங்கள். வெயில் உச்சத்தில் இருக்கும் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள், ஏசி அரை மணி நேரமாவது ஓடிய பிறகு, பெட்டியின் முதுகுப்பக்கம் வெயில் படாத இடத்தில் ஒரு வெப்பமானியையும், சற்றுத் தொலைவில் காற்றோட்டமுள்ள நிழலில் இன்னொன்றையும் தொங்கவிட வேண்டும். இரண்டுக்கும் இடையே ஓரிரு டிகிரிதான் வேறுபாடு என்றால் உங்கள் பெட்டி நல்ல இடத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பந்தல் போட்டுப் பெரிதாக எதையும் மிச்சப்படுத்திவிட முடியாது. நான்கு டிகிரிக்கு மேல் போனால், வெளியேறிய காற்றே திரும்பி வருகிறதா, அல்லது தரையும் சுவரும் காற்றைச் சூடாக்குகின்றனவா என்று பிரித்தறிய வேண்டும். செய்தித்தாளை மெல்லிய நாடாவாகக் கிழித்து ஒரு குச்சியில் ஒட்டி, பெட்டியின் மேல்விளிம்பை ஒட்டிப் பிடித்துப் பார்த்தால், முன்னாலிருந்து பின்னால் காற்று திரும்புகிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். அடுக்குமாடிகளில் குறுகிய இடைவெளிக்குள் நான்கைந்து பெட்டிகளை எதிரெதிராக மாட்டியிருந்தால் எந்த நிழலும் உதவாது. இடம் மாற்றுவது ஒன்றே வழி.

அடுத்தது வெயில் வரும் திசை. வடக்குச் சுவரில் மாட்டினால் வெயில் படாது என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து, அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நாள் முழுவதும் வடபுறமாகவே நகர்கிறது. அந்த மாதங்களில் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் வடக்குச் சுவரில் விழுகிறது. தெற்குச் சுவரில் நேர்வெயில் விழுவதே இல்லை. புதிதாக ஏசி மாட்டப் போகிறவர்கள், வேறு தடையில்லை என்றால், சன்ஷேடுக்குக் கீழே தெற்குச் சுவரைத் தேர்ந்தெடுத்தால் பந்தல் பற்றிய கவலையே இராது. மேற்குச் சுவர்தான் கடைசித் தேர்வாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே மேற்கில் மாட்டிவிட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மே மாதத்தில் மாலை நான்கு மணிக்குச் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 35 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. அப்போது இரண்டடி நீட்டிய மேற்கூரை, தனக்குக் கீழே ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவாகவே நிழல் தரும். எனவே மேற்கு வெயிலுக்குக் கூரையால் பயன் குறைவு; எதிரே சற்றுத் தள்ளி நிறுத்தும் தட்டிதான் உதவும். விசிறி மேற்கைப் பார்த்தபடி இருந்தால், குறைந்தது ஐந்தாறு அடி தள்ளித்தான் தட்டியை நிறுத்த வேண்டும். அவ்வளவு இடம் இல்லை என்றால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ வெயில் விழுந்தால் இரண்டடி இடைவெளி விட்டு, 50 அல்லது 75 சதவீத நிழல்வலையைக் கட்டலாம். வலையின் கண்கள் வழியாகக் காற்று புகுந்து வரும் என்பதே தகரத்தைவிட அதற்குள்ள சிறப்பு. இடைவெளி விட்டுப் பின்னிய மூங்கில் தட்டியும் ஏற்றதுதான். தென்னங்கீற்று குளுமையானது என்பதில் ஐயமில்லை; ஆனால் காய்ந்த கீற்றின் மேல் ஒரு தீபாவளி ராக்கெட் விழுந்தால் போதும் என்பதால், ஏசிப் பெட்டிக்கு அருகில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேற்கூரைதான் வேண்டும் என்றால் அதைப் பெட்டியிலிருந்து இரண்டடி உயரத்தில் அமைத்து, முன்பக்கம் உயர்ந்தும் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்தும் இருக்குமாறு சாய்க்க வேண்டும். கூரையின் முன்விளிம்பு பெட்டியின் முன்முகத்தைத் தாண்டி நீளக் கூடாது. நீண்டால் மேலே எழும் சூடான காற்று அதில் மோதித் திரும்பிவிடும். பக்கங்களை மூடவே கூடாது. சுவருக்கும் முதுகுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, முன்னால் எவ்வளவு வெட்டவெளி என்பது ஏசியோடு தரும் நிறுவல் கையேட்டில் படத்தோடு இருக்கும்; அந்த அளவைக் குறைக்கும் எந்த அமைப்பும் வேண்டாம். காற்றை மேல்நோக்கித் தள்ளும் வகைப் பெரிய பெட்டியாக இருந்தால் மேற்கூரை என்ற பேச்சுக்கே இடமில்லை.

மொட்டைமாடியில் பந்தலைவிடத் தரையைக் கவனிப்பது கூடுதல் பலன் தரும் என்பது என் கணிப்பு. வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்குக் காயும் தளத்தின் மேல் அரையடி உயரத்தில் உட்கார்ந்திருக்கும் பெட்டி, அந்தத் தளம் சூடாக்கிய காற்றைத்தான் இழுக்கிறது. பெட்டியை இரண்டடி உயர ஸ்டாண்டில் ஏற்றி, அதைச் சுற்றி ஏழெட்டு அடிக்குத் தரையிலும் கைப்பிடிச் சுவரின் உட்புறத்திலும் வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ இரண்டு கை அடித்துவிடுங்கள். பெட்டியை ஏற்றும்போது செப்புக் குழாய் மடங்கிவிடலாம் என்பதால் அந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே முறை.

அந்தக் குழாயையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அறைக்கும் பெட்டிக்கும் இடையே ஓடும் குழாய்களைச் சுற்றியுள்ள இன்சுலேஷன் பஞ்சு, வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் வறட்டியைப் போல உதிரத் தொடங்கிவிடும். அறையிலிருந்து குளிர்ந்த வாயுவைத் திருப்பிக் கொண்டுவரும் பருத்த குழாய் இப்படி வெறுமையாக வெயிலில் கிடந்தால், நாம் காசு கொடுத்து உண்டாக்கிய குளிர் வழியிலேயே வீணாகிறது. பஞ்சை மாற்றி, அதன்மேல் வெயில் தாங்கும் டேப்பைச் சுற்றி, முடிந்தால் பிவிசி மூடிக்குள் குழாயை விட்டுவிடுவதற்கு ஆகும் செலவு ஒரு கூண்டுக்கு ஆகும் செலவில் சிறு பகுதிதான்.

பெட்டியின் மேல் தண்ணீர் தெளித்தால் குளிரும் என்று சிலர் தினமும் போர்வெல் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். அப்போதைக்குக் குளிர்ந்தாலும், அந்த உப்பு நீர் காயும்போது தகடுகளில் வெள்ளைப் படலமாகப் படிந்து இடுக்கை அடைத்துவிடும். அதைவிட, கோடை தொடங்குமுன் ஏசிக்கு மின்சாரம் தரும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, தகடுகள் மடங்காதபடி மென்மையாக நல்ல தண்ணீரை ஓடவிட்டுத் தூசியைக் கழுவுவது மேல். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் இதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம்.

வாங்கிய நிழல்வலையில் மீதி இருந்தால் அதை மேற்கு ஜன்னலுக்கு வெளியே கட்டிவிடுங்கள். மீதி இல்லாவிட்டால் ஜன்னலுக்கே முதலிடம் கொடுங்கள். ஐந்தடிக்கு நான்கடி கண்ணாடி ஜன்னல் வழியாக மாலை வெயில் ஒரு கிலோவாட்டை ஒட்டிய வெப்பத்தை அறைக்குள் கொண்டுவருகிறது. ஒரு டன் ஏசியின் திறனில் கால் பங்குக்கு மேல் அதை வெளியேற்றுவதற்கே போய்விடும். உள்ளே தொங்கும் திரைச்சீலை, வெப்பம் கண்ணாடியைக் கடந்த பிறகுதான் அதைத் தடுக்கிறது. கூடவே ரிமோட்டில் ஒரு டிகிரி கூட்டி வைப்பதால் ஏறத்தாழ ஆறு சதவீதம் மிச்சமாகும் என்பது இந்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. பெட்டிக்கு நான் போட்ட தகரக் கூரை கொடுத்ததாக நான் நம்பியிருந்ததைவிட அது அதிகம்.

கட்டும் வலையைக் கம்பியால் முறுக்கிவிடாமல், இழுத்தால் அவிழும் முடிச்சாகக் கயிற்றால் கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி முடிவதற்குள், வலையையும் தட்டியையும் இறக்கிச் சுருட்டி வைத்துவிட வேண்டும். புயல் காற்றில் நிழல்வலை பாய்மரம் போலப் புடைத்து, கட்டியிருக்கும் ஸ்டாண்டையே பெயர்த்துவிடக்கூடும். இறக்கும்போது பெட்டியின் முதுகுப்பக்கம் எட்டிப் பாருங்கள். நிழலும் மறைவும் கிடைத்த இடத்தில் புறா கூடு கட்டியிருக்கும்.