கட்டிலும் கம்பமும்: குடியேற்றத் தடுப்புக்காவல், கேமரா ஒப்பந்தங்களை ஊரளவில் எதிர்ப்பது எப்படி

அமெரிக்காவின் குடியேற்றச் சட்டம் வாஷிங்டனில் எழுதப்படுகிறது. ஆனால் பிடிபட்டவர் படுக்கும் கட்டில் பல இடங்களில் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) சிறையில் இருக்கிறது. அவருடைய காரைக் காட்டிக்கொடுக்கும் கேமராவோ ஒரு நகராட்சி வாடகைக்கு எடுத்தது. இரண்டுக்கும் உள்ளூரில் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எந்தக் காகிதம், யார் கையெழுத்து, என்றைக்குக் காலாவதி என்ற மூன்றும் தெரியாமல் தட்டி எழுத உட்காராதீர்கள். தவறான கதவைத் தட்டியே முதல் ஆறு மாதத்தைத் தொலைக்கும் குழுக்கள் உண்டு.

மாநிலம் என்ன சொல்கிறது

டெக்சஸில் 2017-ல் வந்த எஸ்.பி. 4 சட்டம், குடியேற்றத் துறையோடு ஒத்துழைக்க மறுக்கும் உள்ளாட்சிகளையே தண்டிக்கிறது. அங்கே கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபிடம் போய் 'ஒத்துழைக்காதீர்கள்' என்று கேட்டால் சட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்புவார். அங்கே கேமரா, பட்ஜெட், சிறை மருத்துவம் போன்றவற்றைப் பிடிப்பதுதான் காரியம். இல்லினாய் நேர் எதிர். 2021 சட்டம், கவுண்டிகள் ஐஸுக்கு (ICE, குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்தும் மத்திய அமைப்பு) கட்டில் வாடகை விடுவதையே தடை செய்தது. கவுண்டிகள் வழக்குப் போட்டன. 2022-ல் ஏழாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. கலிஃபோர்னியா தனியார் தடுப்புக்காவல் நிலையங்களையே தடை செய்யப் பார்த்தது. அதே 2022-ல் ஒன்பதாம் சுற்று அதைத் தடுத்துவிட்டது. ஆக, அரசு போட்ட கையெழுத்தை அரசு திரும்பப் பெறலாம். தனியார் நிலத்தில் நிற்கும் கட்டடத்துக்கு வேறு பிடி வேண்டும்: நிலப் பயன்பாட்டு அனுமதி, தீயணைப்புச் சான்று, குடிபுகு சான்று. கன்சாஸின் லெவன்வொர்த் நகரம் 2025-ல், சிறப்புப் பயன்பாட்டு அனுமதி வாங்கவில்லை என்ற ஒரே காரணத்தைக் கொண்டு ஒரு தனியார் சிறையின் மறுதிறப்புக்கு நீதிமன்றத் தடை வாங்கியது.

எந்தக் காகிதம்

கட்டில் வாடகை ஒப்பந்தத்துக்கு 'ஐ.ஜி.எஸ்.ஏ.' என்று பெயர். ஒரு ஆள், ஒரு இரவு, இத்தனை டாலர் என்ற கணக்கு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில சிறைகள் ஐஸோடு நேரடி ஒப்பந்தமே வைத்திருக்காது, மத்திய நீதிமன்றக் கைதிகளைக் கையாளும் யு.எஸ். மார்ஷல்ஸ் சேவையோடு போட்ட பழைய ஒப்பந்தத்தில் ஐஸ் தொற்றிக்கொண்டிருக்கும். 'ஐஸ் ஒப்பந்தத்தின் நகல்' என்று மட்டும் கேட்டால் 'அப்படி எதுவும் இல்லை' என்று உண்மையாகவே பதில் வரும். இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஊர் வெறும் தரகராக நிற்பதும் உண்டு. 2014-ல் டெக்சஸின் டில்லி (Dilley) என்ற ஊரில் குடும்பங்களை அடைக்கும் நிலையம் திறந்தபோது, அதற்குக் காகிதம் கொடுத்தது பல நூறு மைல் தள்ளியிருக்கும் அரிசோனாவின் ஈலாய் நகராட்சி. கையெழுத்துக்குக் கூலியாக ஆண்டுதோறும் ஒரு தொகை வாங்கிக்கொண்டது.

அடுத்தது 287(ஜி). உள்ளூர் காவலருக்குக் குடியேற்ற அதிகாரம் தரும் இந்தப் பிரிவு 1996-ல் வந்தது. யார் யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்ற பட்டியலை ஐஸே தன் தளத்தில் வெளியிடுகிறது. பெரும்பாலும் போடுபவர் ஷெரிஃப். அவர் தேர்தலில் வென்றவர் என்பதால் கவுண்டி வாரியம் அவருக்கு உத்தரவிட முடியாது. ஆனால் அவருடைய பட்ஜெட் வாரியத்தின் கையில். எழுத்துமூலம் அறிவித்து எந்தத் தரப்பும் எப்போதும் விலகலாம் என்ற வரி அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கும். அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

மூன்றாவது, 'டிடெய்னர்' எனப்படும் ஐ-247ஏ படிவம்: விடுதலையாக வேண்டியவரை மேலும் 48 மணி நேரம் வரை வைத்திருக்கச் சொல்லும் தாள். அது கட்டளை அல்ல, வேண்டுகோள்தான் என்று மூன்றாம் சுற்று நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. சிறை நிர்வாகம் அதை எப்படிக் கையாள்கிறது என்ற எழுத்துக் கொள்கையைக் கேட்டு வாங்குங்கள். கொள்கையே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்.

மனு எழுதும் முறை

ஆர்.டி.ஐ. மனு போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. மத்திய அரசுக்கான தகவல் பெறும் சட்டமான ஃபோயாவில் 20 வேலைநாள் கெடு காகிதத்தில்தான், நடப்பில் மாதக்கணக்காகும். அதனால் அதே ஆவணத்தை உள்ளூர் அலுவலகத்தில் மாநிலச் சட்டப்படி கேளுங்கள். இல்லினாயில் 5 வேலைநாள், நியூ ஜெர்சியில் 7 வேலைநாள், கலிஃபோர்னியாவில் 10 நாளுக்குள் முதல் பதில் வர வேண்டும்.

'குடியேற்றம் தொடர்பான எல்லா ஆவணங்களும்' என்று எழுதினால் 'சுமை அதிகம்' என்று தள்ளிவிடுவார்கள். குறுகலாகக் கேளுங்கள்: ஒப்பந்தமும் எல்லாத் திருத்தங்களும், கடந்த 12 மாதத்தின் மாதாந்திர பில்கள், அன்றாடத் தலைக்கணக்கு, பெயர்கள் நீக்கி. பில்தான் முக்கியம். சராசரி 80 பேர், ஒரு இரவுக்கு 100 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 29,20,000 டாலர். 'இந்த வருமானம் போனால் வரி ஏறும்' என்று வாரியம் சொல்லும்போது, அதிலிருந்து காவலர் ஓவர்டைம், மருத்துவமனைச் செலவு, வழக்குச் செலவு கழித்தால் என்ன மிஞ்சும் என்ற தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். கருணை பேசுபவரைக் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். கணக்கு பேசுபவரிடம் திருப்பிக் கேள்வி கேட்பார்கள்.

நம்பர் பிளேட் கேமராவுக்கு மனு வேறு மாதிரி. ஃப்ளாக் போன்ற நிறுவனங்களின் படங்கள் வழக்கமாக 30 நாளில் அழிந்துவிடும். மனு நகரும் வேகத்தில் படம் கிடைக்காது. யார் எதைத் தேடினார்கள் என்ற பதிவேட்டைக் கேளுங்கள். அது இரண்டு வகை. உங்கள் ஊர்க் காவலர் செய்த தேடல் ஒன்று. உங்கள் ஊர்க் கேமராக்களில் வெளியூர்த் துறைகள் செய்த தேடல் மற்றொன்று. முதலாவதை மட்டும் கேட்டால் சாதாரணத் திருட்டு வழக்குகளாக வரும். ரகசியம் இரண்டாவதில். 2025 மே மாதம், இல்லினாயின் டான்வில் என்ற ஒரு ஊரின் பதிவேடு மனு மூலம் வெளியானது. நாடெங்கும் உள்ள காவல்துறைகள் ஐஸுக்காகச் செய்த தேடல்கள் அந்த ஒரு ஊரின் தாளிலேயே தெரிந்தன. நாடளாவிய தேடல் ஒன்று நடந்தால், அது இணைப்பில் உள்ள ஊர்கள் ஒவ்வொன்றின் ஏட்டிலும் ஒரு வரியாக விழும் என்பதே காரணம்.

எக்செல் அல்லது சி.எஸ்.வி. கோப்பாகத் தரும்படி மனுவிலேயே எழுதுங்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். வந்தால் பத்தாயிரம் வரியைக் கையால் எண்ண வேண்டியிருக்கும். கோப்பு வந்ததும் 'காரணம்' என்ற பத்தியை வடிகட்டுங்கள். ஐஸ், குடியேற்றம் என்று வெளிப்படையாக எழுதியவை ஒரு பங்கு. 'விசாரணை' என்ற ஒற்றைச் சொல்லோடு, வழக்கு எண்ணும் இல்லாமல் நிற்கும் வரிகளைத் தனியே எண்ணுங்கள். மன்ற உறுப்பினரை உறுத்துவது பெரும்பாலும் இரண்டாவது எண்ணிக்கைதான்; காரணம் எழுதாமல் தேடலாம் என்றால் யாருடைய காரையும் தேடலாம், அவருடையதையும்.

கூட்டத்தில்

ஒப்பந்தப் புதுப்பிப்புகள் 'கன்சென்ட் அஜெண்டா'வில் ஒளிந்திருக்கும்: இருபது முப்பது விஷயங்களை விவாதமின்றி ஒரே வாக்கில் நிறைவேற்றும் பட்டியல் அது. கலிஃபோர்னியாவில் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பும், இல்லினாயில் 48 மணி நேரம் முன்பும் அஜெண்டா ஒட்டப்பட வேண்டும். குழுவில் ஒருவருக்கு அதைப் படிப்பது மட்டுமே வேலையாக இருக்கட்டும். கண்டதும், அந்த ஒன்றைப் பிரித்துத் தனி விவாதத்துக்கு எடுக்கும்படி ஒரு உறுப்பினரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சில ஒப்பந்தங்கள் அஜெண்டாவுக்கே வராது: மானியப் பணத்தில் வாங்கியவை, குறிப்பிட்ட தொகைக்குக் கீழானவை, 'இலவச சோதனை' என்று வந்தவை, குடியிருப்போர் சங்கம் வாங்கிக் காவல்துறைக்கு இணைப்பு கொடுத்தவை.

பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். முதல் வாக்கியத்தில் அஜெண்டா எண்ணும் கோரிக்கையும்; பிறகு ஒரே ஒரு தகவல்; முடிவு. பத்துப் பேர் ஒரே உரையைப் படித்தால் மூன்றாவது ஆளுக்குள் உறுப்பினர்கள் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆளுக்கொரு பில், ஆளுக்கொரு பதிவேட்டு வரி என்று பிரித்துக் கொடுங்கள். கூட்டம் நேரலையில் பதிவாகிறது. யாருடைய விசா நிலையையும், தன்னுடையதானாலும், மைக்கில் சொல்லக் கூடாது.

கேட்பது தீர்மானமா, சட்டமா என்பதிலும் கவனம். தீர்மானம் கருத்து மட்டும்; அடுத்த மேயர் குப்பையில் போடலாம். மீறினால் வழக்குப் போடும் உரிமையோடு கூடிய உள்ளூர்ச் சட்டம் கேளுங்கள். வரைவில் 'குடியேற்ற நிலை பற்றி எதையும் தெரிவிக்கக் கூடாது' என்று எழுதினால் அந்தத் தகவலை மத்திய அரசுக்குத் தருவதைத் தடுக்கக் கூடாது என்னும் மத்திய சட்டத்தின் 8 யு.எஸ்.சி. 1373 பிரிவில் மாட்டும். விடுதலைத் தேதி, வீட்டு முகவரி, கேமராத் தரவு என்று பெயர் சொல்லித் தடுப்பது பாதுகாப்பான வழி. கைரேகையை மட்டும் ஊர்ச்சட்டத்தால் நிறுத்த முடியாது. 2008-ல் தொடங்கிய ஏற்பாட்டில் அது எஃப்.பி.ஐ. வழியே குடியேற்றத் துறைக்குத் தானாகப் போய்விடுகிறது. இதை நிறுத்துவோம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

உங்கள் பட்டியலே ஒரு கண்காணிப்பு

கேமராவை எதிர்க்கும் குழுவே கூகுள் படிவத்தில் பெயர், முகவரி, விசா வகை எல்லாம் கேட்டு வாங்கி வைப்பதைப் பார்த்தால் என்ன சொல்வது! சம்மன் வந்தால் அந்தத் தாளும் போகும். பெயரும் தொடர்பு வழியும் போதும். சிக்னல் செயலியில் மறையும் செய்தி வசதியைப் போட்டு, போன் எண்ணை மறையுங்கள். மேடைக்கும் கையெழுத்துக்கும் குடியுரிமை பெற்றவர்கள் முன் நிற்கட்டும். 'ஐஸ் வந்திருக்கிறது' என்ற வாட்ஸாப் தகவலை, ஒருவர் நேரில் பார்த்து இடம், நேரம், எத்தனை பேர், என்ன சீருடை, என்ன வண்டி என்று உறுதி செய்யாமல் பரப்பாதீர்கள். ஒரு பொய் வதந்தி, ஒரு தெருவே வேலைக்கும் பள்ளிக்கும் போகாமல் செய்துவிடும்.

பிடிபட்டவரைத் தேடுவது

ஐஸின் இணையத் தேடுபக்கம் இரண்டு வழி தருகிறது: ஏ-நம்பரும் (குடியேற்றத் துறை ஒருவருக்குத் தரும் பதிவு எண்) பிறந்த நாடும், அல்லது பெயரும் பிறந்த நாடும். எட்டு இலக்க ஏ-நம்பர் என்றால் முன்னால் பூஜ்யம் போட்டு ஒன்பதாக்குங்கள். பெயர் வழியில் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், நம் பெயர்கள் அங்கேதான் சிக்குகின்றன. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவருக்கு, அமெரிக்கப் பதிவில் அது குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று விழும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். அதையே முதல் பெயராகப் போட்டுத் தேடுங்கள். பிறகு அப்பா பெயரையும் சொந்தப் பெயரையும் இடம் மாற்றி. பிறகு இனிஷியலை விரித்து. தமிழ்நாட்டு முகாமில் பிறந்த இலங்கைத் தமிழர் என்றால் பிறந்த நாடு இந்தியா என்று போட்டும், இலங்கை என்று போட்டும் பாருங்கள். 18 வயதுக்குக் கீழானவர்கள் இதில் வரமாட்டார்கள்.

மொழிபெயர்ப்பாளர் கேட்கும்போது 'தமிழ்' என்று எழுத்தில் கொடுங்கள். இந்தியர் என்று கண்டால் ஹிந்திக்காரரை இணைத்துவிடும் ஆபத்து உண்டு. பிணைக்குப் பணம் திரட்டுமுன் வழக்கறிஞரைக் கேளுங்கள்: சட்டப்படி குறைந்தபட்சத் தொகை 1,500 டாலர் என்றாலும், 2025 செப்டம்பரில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தந்த ஒரு முடிவு, சோதனையின்றி எல்லை கடந்தவர்களுக்குப் பிணையையே மறுக்க வழி செய்தது.

வாக்கு கிடைத்த பிறகு

சிறை ஒப்பந்தம் முடிந்தால் உள்ளே இருப்பவர்களை வெகுதூர மாநிலத்துக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள்; வழக்கறிஞரும் குடும்பமும் ஒரே நாளில் கை விட்டுப்போகும். ஆகவே மூடும் கோரிக்கையோடு, மாற்றல் வேண்டாம், விடுதலை வேண்டும் என்ற கோரிக்கையும், ஒவ்வொருவருக்கும் விடுதலை மனுவும் அன்றைக்கே தயாராக இருக்க வேண்டும்.

கேமரா விஷயத்தில் டென்வர் நகர மன்றம் 2025 மே மாதம் ஃப்ளாக் நீட்டிப்பை ஒருமனதாக நிராகரித்தது. அக்டோபரில் மேயர் மன்ற வாக்கு இல்லாமலே நீட்டித்தார். இல்லினாயின் எவன்ஸ்டன் ஒப்பந்தத்தை முடித்தது. கழற்றிய கேமராக்களை நிறுவனம் அனுமதியின்றித் திரும்ப மாட்டியது, நகராட்சி எச்சரிக்கை நோட்டீஸ் அனுப்பி, கேமராக்களைப் பிளாஸ்டிக்கால் மூட வேண்டி வந்தது. ஆகவே எத்தனை நாளில் கழற்ற வேண்டும், செலவு யாருடையது, அதுவரை மின்னிணைப்பு துண்டிக்கப்படுமா, வெளியூர்ப் பகிர்வு எந்தத் தேதியில் நிற்கும் என்பதையெல்லாம் வாக்கெடுப்பின் வாசகத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அந்தத் தேதிக்கு மறுநாள், கறுப்புக் கம்பம், உச்சியில் சிறிய சோலார் தகடு, அதன் கீழே பின் நம்பர் பிளேட்டைப் பார்த்துத் திரும்பிய கேமரா என்ற அடையாளத்தோடு ஒவ்வொரு சந்திப்புக்கும் நேரில் போய்ப் பாருங்கள்.