'சீழ் அணுக்கள் 8–10': இந்த ஒரு வரியைப் பார்த்து மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்

விந்துப் பரிசோதனை முடிவில் 'சீழ் அணுக்கள் 8–10' (நுண்ணோக்கியில் ஒரு பார்வைக்குத் தெரியும் எண்ணிக்கை) என்று இருந்தால் போதும், பலர் பயந்துபோய் அன்று மாலையே மருந்துக் கடையில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த எண்ணிக்கையே சரிதானா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

நுண்ணோக்கியில் வாலில்லாமல் உருண்டையாகத் தெரிபவை எல்லாம் சீழ் அணுக்கள் அல்ல. முதிராத விந்தணுக்களும் அப்படித்தான் தெரியும். சாயம் ஏற்றாத கண்ணாடித் தகட்டில் பழகிய கண்ணுக்கே இரண்டையும் பிரித்தறிவது கடினம். பெராக்சிடேஸ் என்ற சாயச் சோதனை செய்தால் சீழ் அணுக்களான வெள்ளணுக்கள் பழுப்பாகும், மற்றவை நிறம் மாறாது. அவ்வாறு எண்ணியதில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 லட்சத்தைத் தாண்டினால்தான் அழற்சி என்று ஐயப்பட வேண்டும். அப்போதும் கிருமிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. உறவின் மூலம் பரவும் கிளமிடியா போன்ற கிருமி வழக்கமான கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) வளராது. அதற்கு பிசிஆர் சோதனை வேண்டும். அது உறுதியானால் கணவன், மனைவி இருவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை பெற வேண்டும். ஒருவர் மட்டும் மாத்திரை சாப்பிட்டால் மற்றவரிடமிருந்து தொற்று திரும்பி வரும்.

அழற்சியை அலட்சியப்படுத்தலாம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளணுக்கள் கக்கும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் விந்தணுவின் மேல்தோலில் உள்ள கொழுப்பைக் கெடுக்கின்றன. திறந்து வைத்த எண்ணெய் காறிப்போவதும் இதே வினைதான். விந்தணுவிடம் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் சரக்கு அநேகமாக இல்லை. அதனால் முதலில் நீந்தும் வேகம் குறைகிறது, பிறகு உள்ளிருக்கும் டிஎன்ஏவும் சிதைகிறது.

இதைக் கேட்டதும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு (ஆன்டிஆக்சிடன்ட்) மாத்திரைகளைத் தேடுவது அடுத்த தவறு. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், குழந்தைப்பேற்றுக்குச் சிகிச்சை பெற்ற 2,300க்கும் மேற்பட்ட தம்பதியரில் ஆண்களுக்கு ஆறு மாதம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும், அல்லது மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைப் பிறப்பு கூடவில்லை. மருந்து சாப்பிட்டவர்களிடம் டிஎன்ஏ சிதைவு சற்று அதிகமாகவே இருந்தது. முட்டையைத் துளைக்கத் தயாராவதற்கு விந்தணுவுக்கே அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் கொஞ்சம் தேவைப்படுகின்றன. புகைபிடிப்பதை விடாமல் மாத்திரையை மட்டும் விழுங்குவது வீண் செலவு.

பொறுமையின்மையும் கெடுக்கிறது. ஒரு விந்தணு உருவாக 74 நாள், வெளியேறும் பாதையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு வாரம். டெங்குவோ வேறு கடும் காய்ச்சலோ வந்த அடுத்த மாதம் பரிசோதித்தால் எண்ணிக்கை சரிந்திருப்பது இயல்பு. மூன்று மாதம் கழித்து, 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்து மீண்டும் பாருங்கள்.

மருத்துவர் உங்களை நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி விதைப்பையைத் தொட்டுப் பார்த்தாரா? பார்க்கவில்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். குழந்தையில்லாத ஆண்களிடம் பரவலாகக் காணப்படும், சரிசெய்யக்கூடிய வெரிகோசீல் (விதைப்பையின் இரத்த நாளங்கள் புடைத்து வீங்குவது) அப்படித்தான் பிடிபடுகிறது. தாளை மட்டும் பார்த்து எழுதிய மருந்துச் சீட்டில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஒன்று மட்டும் காத்திருக்காது. திடீரென ஒரு விதையில் கடும் வலி வந்தால் தொற்று என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம், சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.