பேட்ச் வந்த அன்றே கிளாஸை மாற்றாதீர்கள்

ஆன்லைன் கேமின் புதிய பேட்சில், அதாவது அப்டேட்டில், 'தீப்பந்து டேமேஜ் 10% குறைப்பு' என்று பார்த்ததுமே கல்முனை மச்சான் ஒருவன் மந்திரவாதி கிளாஸைக் கைவிட்டு வாள்வீரனுக்கு மாறிவிட்டான், அவசரக்குடுக்கை.

முதலில் எதிரிக்கு நீங்கள் கொடுக்கும் மொத்த டேமேஜில் அந்த ஸ்கில்லின் பங்கைப் பாருங்கள். 30% என்றால் இழப்பு வெறும் 3%தான். கூட்டிச் சேர்க்கும் போனஸ் இன்னும் ஏமாற்றும்: அடிப்படை அடி 100, ஏற்கெனவே 100% போனஸ் உள்ளவருக்குப் புதிதாக 10% வந்தால் 200 அடித்தது 210 ஆகும், அதாவது 5% உயர்வு.

சரி, இனி அடித்துப் பாருங்கள். அதே கியர் (ஆயுதம், கவசம்), அதே ஸ்கில் வரிசை, பயிற்சிப் பொம்மை மேல் 5 நிமிடம், மூன்று தடவை, ஏனென்றால் கிரிட் (இடையிடையே விழும் பலத்த அடி) விழுவது அதிர்ஷ்டம். பேட்சுக்கு முந்தின நாளே இப்படி அடித்துக் குறித்து வைக்காவிட்டால் பிறகு எதோடு ஒப்பிடுவது? மட்டக்களப்புக் கல்லடியில் இரவு பிங் (சர்வருக்குப் போய்வரும் நேரம்) ஏறினால் ஸ்கில் பிந்தித்தான் விழும், அதற்கும் பேட்சைத் திட்டாதீர்கள், விடியற்காலையில் சோதியுங்கள்.