கோடையில் குடும்பத்தோடு மலைக்கு: இறக்கத்தை நினைத்து ஏறுங்கள்

முதல் தடவை குடும்பத்தோடு மலைக்குப் போய்த் திரும்பும்போது, பாதி இறக்கத்தில் வண்டிக்குள் ஒரு வாடை வந்தது. ரப்பர் கருகுகிற மாதிரி, ஆனால் அதைவிடக் காரமாக, மூக்கில் சுருக்கென்று ஏறுகிற வாடை. "எங்கேயோ குப்பை எரிக்கிறாங்க போல" என்றார் அத்தை. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன். கால் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. வண்டி நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தைத் தாண்டி நின்றது. அகலமான ஓரம் ஒன்றைப் பார்த்து ஒதுக்கி நிறுத்தி, இறங்கிப் பார்த்தால் முன் சக்கரம் இரண்டிலிருந்தும் மெல்லிய புகை. பின் சீட்டில் பிள்ளைகள் இரண்டு பேரும் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள்.

அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்று, பிறகு மெதுவாக இறங்கினோம். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையிலும் நான் இறக்கத்திலிருந்துதான் திட்டம் போடுகிறேன். ஏற்றத்தில் வண்டி திணறினால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். இறக்கத்தில் எல்லாம் சுகமாக, சத்தமில்லாமல், வேகமாகப் போகும். பயம் வேண்டியது அங்கேதான்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வண்டியை மெக்கானிக்கிடம் விடுங்கள். முந்தின நாள் விட்டால், ஒரு குறை தெரிந்தாலும் சரி செய்ய நேரம் இருக்காது, "போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று மனசு சொல்லும். பொதுவாக "செக் பண்ணுங்க" என்று சொல்லாமல், பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால், இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று அவர் சொன்னாலும், மலைக்குப் போகும் வண்டிக்கு நான் மாற்றிவிடுவேன்.

பிரேக் ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இது தெரியாமல்தான் அன்றைக்கு அப்படி ஆனது. அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி அளவிலேயே கொதிக்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு ஆயிலுக்குப் போகும், கொதிக்கும், உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆயில் அமுங்காது, குமிழ் அமுங்கும். நாம் மிதிக்கிற மிதி குமிழை அமுக்குவதிலேயே போய்விடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. அன்று என் கால் ஆழமாக இறங்கியதற்கு இதுதான் காரணம். அந்த வண்டியில் நான்கு வருடமாக ஆயில் மாற்றியிருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

மற்றவை வழக்கமானவைதான். கூலன்ட் அளவு, வைப்பர் ரப்பர், எல்லா விளக்குகளும், ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கிற இடம். டயரில் காற்றை, வண்டி ஓடி சூடாவதற்கு முன்பே பாருங்கள். முழு ஆட்களும் சாமானும் ஏறும்போது எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலும் டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

அடுத்தது நேரக் கணக்கு. வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் போகிற தூரத்துக்கு மலையில் இரண்டு, மூன்று மணி நேரம் ஆகலாம். மலைப்பகுதியை நான் எப்போதும் முற்பகலுக்குள் முடிக்கப் பார்ப்பேன். கோடையில் வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, ஈரக் காற்று மேலே எழும்பி, பிற்பகலில் இடியும் மழையுமாகக் கொட்டுவது மலைகளில் சகஜம். அதோடு, வெளிச்சம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தால் தங்குமிடம் தேடுகிற பதற்றமும் இல்லை. தூரம் அதிகம் என்றால் அடிவாரத்தில் ஒரு இரவு தங்கிவிடுங்கள். ஒரு நாள் வீணாகிறதே என்று தோன்றும். தூக்கம் கெட்டவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்து வளைவுகளில் ஏறுவதைவிட அது எவ்வளவோ மேல்.

சாமான் ஏற்றும்போது கனமான பெட்டிகள் டிக்கியில் கீழே, பின் சீட்டின் முதுகோடு ஒட்டி இருக்கட்டும். மேலே கேரியரில் கனம் வைத்தால் வளைவில் வண்டி சாய்வது கையிலேயே தெரியும். ஒரு சின்னப் பையை மட்டும் தனியாக எடுத்து, கைக்கு எட்டுகிற மாதிரி வையுங்கள்: ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, மாற்று உடை ஒன்று, தண்ணீர், மாத்திரைகள், டார்ச். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிரும். கீழே 38 டிகிரி என்றால் இரண்டாயிரம் மீட்டரில் 25 போல இருக்கும், மழையும் காற்றும் சேர்ந்தால் இன்னும் குறையும். அரைக்கால் சட்டையோடு ஏறிய குழந்தை மேலே நடுங்கும்போது, டிக்கியின் அடியில் கிடக்கிற ஸ்வெட்டரால் பிரயோஜனம் இல்லை. கைப்பேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுங்கள், சிக்னல் மலையில் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அடிவாரத்தில் டேங்கையும் நிரப்பிவிடுங்கள்.

இப்போது வாந்தி. குடும்பப் பயணத்தைக் கெடுப்பதில் முதல் இடம் இதற்குத்தான், ஆனாலும் பல பேர் இதற்கு எதுவும் செய்யாமல் கிளம்புகிறார்கள். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு "ஆடுகிறோம்" என்கிறது, சீட்டின் முதுகையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கிற கண் "சும்மாதான் இருக்கிறோம்" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததுதான் குமட்டலாக வருகிறது. இரண்டு வயதுக்கு மேல், பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு இது அதிகம்.

என் மகன் வாந்தி எடுப்பதற்கு முன்னால் பேச்சை நிறுத்திவிடுவான். அதுவரை ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தவன் அமைதியாவான், உதட்டைச் சுற்றி வெளுக்கும், எச்சிலை அடிக்கடி விழுங்குவான், ஒரு கொட்டாவி விடுவான். அந்தக் கொட்டாவியை நான் பல நாள் தூக்கம் என்று நினைத்தேன். இப்போது அது வந்தால் எனக்கு இரண்டு மூன்று நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம். உடனே ஜன்னலைத் திறந்து, அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி, இறக்கி, தூரத்து மலை முகட்டைப் பார்க்கச் சொல்வேன். பாதித் தடவை வாந்தி இல்லாமலே போய்விடும். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வேறு அடையாளம் இருக்கும், அதைக் கவனித்து வையுங்கள்.

ஏறுவதற்கு முன் வெறும் வயிறும் கூடாது, முட்ட முட்டச் சாப்பாடும் கூடாது. எண்ணெயில் பொரித்ததைத் தவிர்த்துக் கொஞ்சமாகக் கொடுங்கள். புத்தகம், கைப்பேசி இரண்டும் மலை முடியும் வரை பைக்குள் போகட்டும். பின் சீட்டில் நடுவில், முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரிகிற மாதிரி உட்கார முடிந்தால் நல்லது. வாந்தி வருகிற குழந்தை என்பதற்காக முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஏர்பேக் விரிந்தால் குழந்தைக்குத்தான் ஆபத்து. மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரிடம் வயதைச் சொல்லிக் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். வந்த பிறகு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். அந்த மாத்திரைகளில் பலவும் தூக்கம் வரவழைப்பவை, வண்டி ஓட்டுகிறவர் போட்டுக்கொள்ளக் கூடாது. மூடி போட்ட ஒரு டப்பாவும் ஈரத்துணியும் பின் சீட்டில் இருந்தால், நிறுத்த முடியாத வளைவிலும் பதற வேண்டியதில்லை.

ஓட்டுகிற விதமும் இதில் பாதி. வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே ஒரே சீராகத் திருப்புங்கள். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் மாறி மாறி அழுத்துகிற ஓட்டம் பெரியவர்களுக்கே ஆகாது. மலை ஏறும்போது அத்தை பேசாமல் வந்தால் நான் வேகமாகப் போகிறேன் என்று புரிந்துகொள்வேன்.

ஏற்றத்தில் கியரை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள், இன்ஜின் திணறிய பிறகு குறைத்தால் வேகம் செத்துவிடும். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற கருவி) இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போல பலம் இழக்கும், காற்று மெலிவதால். அதனால் மேலே போகப் போக முந்திச் செல்கிற கணக்கு தப்பும். வெப்ப முள் ஏறினால் ஏசியை நிறுத்துங்கள். அப்படியும் இறங்காவிட்டால் ஹீட்டரைப் போடுங்கள், கொளுத்துகிற வெயிலில் ஹீட்டரா என்று எல்லாரும் கேட்பார்கள், ஆனால் அது இன்ஜினின் சூட்டைத்தான் வெளியே எடுக்கிறது. நிறுத்தினாலும் சூடு ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது.

கொண்டை ஊசி வளைவில் உங்கள் பக்கத்தை விட்டு மறுபக்கம் ஏறாதீர்கள். திரும்புவதற்கு முன் ஹாரன் அடித்து, ஒரு நொடி காது கொடுத்துக் கேளுங்கள். பாட்டு அப்போது அணைந்திருக்கட்டும். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும், ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது சிரமம். மூடுபனி இறங்கினால் விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். ஹை பீம் போட்டால் பனித்துளிகளில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும், வெள்ளைச் சுவர் மாதிரி. ஒன்றும் தெரியாவிட்டால் சாலையை விட்டு முழுதாக விலகி நிறுத்திக் காத்திருங்கள்.

மேலே போய்ச் சேர்ந்த பிறகு சொல்ல அதிகம் இல்லை. குளிர்கிறது என்பதற்காக வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள், ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் வீதம் புற ஊதாக் கதிர் கூடும், தொப்பி வேண்டும். 2500 மீட்டருக்கு மேல் தங்குவதானால் முதல் நாள் ஓட்டம் சாட்டம் இல்லாமல் ஓய்வாக இருங்கள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் உடனே கீழே இறங்குவதுதான் மருந்து. சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கோடு கியரும் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள், கிளம்பும்போது அதை எடுத்து ஓரமாகப் போடுங்கள்.

இப்போது இறக்கம். எந்த கியரில் அந்த இடத்தில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். செங்குத்தாக இருந்தால் இன்னும் ஒன்று குறைவாக. இன்ஜின் உறுமும், உறுமட்டும். அதுதான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக்கைத் தொட்டுத் தடவிக்கொண்டே வராமல், தேவைப்படும்போது அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் அது ஆறும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். இன்றைய வண்டிகள் கியரில், ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது எரிபொருளைத் தானே நிறுத்திவிடுகின்றன, நியூட்ரலில் மிச்சமாவது எதுவும் இல்லை. இன்ஜினை அணைத்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகும். ஆட்டோமேட்டிக் வண்டியில் எல் (குறைந்த கியரிலேயே நிற்க வைப்பது) அல்லது கையால் கியர் மாற்றும் வசதி எப்படி வேலை செய்கிறது என்று வீட்டுக்குப் பக்கத்திலேயே பழகிவிடுங்கள். மின்சாரக் கார் என்றால் உச்சியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இல்லாவிட்டால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வேகத்தைப் பிடிக்கிற அந்த வசதி சரியாக வேலை செய்யாது.

அந்த வாடை வந்தால் நிறுத்துங்கள். கியரில் போட்டு, கல் வைத்து, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிக்கிற டிஸ்க் வளையலாம், விரிசல் விடலாம். மிதி மெத்தென்று இருந்தால் அதோடு ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

பிள்ளைகளின் காதுக்கும் இறக்கம்தான் கஷ்டம், ஏறும்போது தானாக வெளியேறிய காற்று இறங்கும்போது தானாக உள்ளே போகாது. சளி பிடித்த குழந்தைக்கு வலியே வரும். விழுங்க விழுங்கத்தான் அடைப்பு விடும். அதனால் தூங்குகிற பிள்ளைகளை நான் இறக்கத்தில் எழுப்பிவிடுவேன், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கக் கொடுப்பேன். கைக்குழந்தை என்றால் ஒதுக்கி நிறுத்திப் பாலூட்டலாம். மகள் உச்சியில் ஒரு காலி பாட்டிலை இறுக்கி மூடி மடியில் வைத்துக்கொள்வாள். கீழே வர வர அது உள்ளே ஒடுங்கிக் கடக் கடக் என்று சத்தம் போடும். "அம்மா, இன்னொண்ணு" என்பாள். தம்பி ஒரு வாய் தண்ணீர் குடிப்பான்.

அடிவாரம் வந்ததும் நேரே நெடுஞ்சாலையில் ஏறிவிடாமல் பத்து நிமிடம் நிறுத்துங்கள். நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் போய்க் குனிந்து, தொடாமல், உள்ளங்கையை ஒரு சாண் தள்ளிக் காட்டிப் பாருங்கள். முன் சக்கரங்கள் இளஞ்சூடாக இருக்கும். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகக் கொதித்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்று விடாமல் வழியிலேயே காட்டிவிடுங்கள்.