சென்னையில் நிட்டிங்: பருவம் பார்க்காமல் செய்யும் தவறுகள்

இரண்டு ஊசிகளால் நூலைப் பின்னி உடுப்பாக்கும் நிட்டிங்கின் செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்காக எழுதியவை. அதே நூல், அதே ஊசி என்று சென்னையில் வாங்கினால் பாதி பின்னிய மஃப்ளர்தான் அலமாரியில் மிஞ்சும். மார்கழி விடியற்காலையில்கூட இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நமக்குக் குளிர் என்பது ஏசி குளிர்தான்: சபா அரங்கம், அலுவலகம், இரவு ரயில் பெட்டி. அதற்குத் தோளில் போட்டு எடுக்கிற பருத்தி ஷால் போதும். ஆடியில் தொடங்கினால் கச்சேரி சீசனுக்குள் நிதானமாக முடிக்கலாம்.

நூலில்தான் பலர் முதலில் சறுக்குகிறார்கள். மலிவாகவும் பளிச்சென்ற நிறங்களிலும் கிடைப்பது அக்ரிலிக். அது வியர்வையை உறிஞ்சாது. சித்திரை, வைகாசியில் விரலில் ஒட்டிக்கொண்டு ஊசியில் நகர மறுக்கும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் இழை துவண்டுவிடும். பழைய நிலைக்கு வராது. பருத்தி வெயிலுக்கு இதமானது, ஆனால் இழுத்தால் கம்பளி போல மீளாது. அதனால் ஓரத்து ரிப் (நீண்டு சுருங்கும் வரிப் பின்னல்) பகுதியை உடல் பகுதிக்கான ஊசியைவிட அரை முதல் ஒரு மி.மீ. தடிமன் குறைந்த ஊசியில் பின்னுங்கள். தேவையான நூல்கண்டுகள் அனைத்தையும் ஒரே சாய லாட் (ஒரே தடவையில் சாயம் தோய்த்த தொகுதி) எண் பார்த்து ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு லாட்டுகள் வெயிலில் பட்டையாகப் பிரிந்து தெரியும்.

வியர்க்கிற கைக்கு மூங்கில் ஊசி நல்லது. அலுமினிய ஊசி வழுக்கும். வெள்ளை நூலில் சாம்பல் கறையும் ஏற்றும்.

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம் அளவு பார்க்கும் மாதிரித் துண்டு பின்னாமல் நேரே உடுப்பில் இறங்குவது. செய்முறை 10 செ.மீ.க்கு 22 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 90 செ.மீ. சுற்றளவுக்கு 198 கண்ணி ஏற்றுவீர்கள். உங்கள் கை சற்றுத் தளர்ந்து 20 கண்ணிதான் வருகிறதென்றால், அதே 198 கண்ணி 99 செ.மீ. ஆகிவிடும். இரண்டு கண்ணி வித்தியாசம், முழுதாக 9 செ.மீ. தொளதொளப்பு! மாதிரித் துண்டுக்கு 4 மி.மீ. ஊசியில் 34 கண்ணி ஏற்றி, சதுரமாக வரும்வரை பின்னுங்கள். உடுப்பை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, தரையில் விரித்துக் காயவைத்த பிறகு நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். ஓரத்துக் கண்ணிகள் அளவைக் கெடுக்கும். 20 வந்தால் 3.5 மி.மீ. ஊசிக்கு இறங்குங்கள், 24 வந்தால் 4.5க்கு ஏறுங்கள். பருத்தி துவைத்ததும் மாறும், ஆகவே துவைக்காமல் அளந்த அளவை நம்பவேண்டாம்.

புதிதாகப் பின்னுகிறவர்களின் மஃப்ளர் மேலே போகப்போக அகலமாவதற்குக் காரணம் வரிசையின் முதல் கண்ணி. நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போனால் அந்த ஒரு கண்ணி இரண்டு வளையமாகத் தெரியும், இரண்டையும் பின்னிவிடுவார்கள். நூலைக் கீழே தழைத்துவிட்டுத் தொடங்குங்கள், பத்து வரிசைக்கு ஒருமுறை எண்ணுங்கள். முன்பக்கம் நிட் (நேர்ப் பின்னல்), பின்பக்கம் பர்ல் (அதன் மறுபக்கப் பின்னல்) என்று பின்னிய துணியின் பக்கவாட்டு ஓரங்கள் சுருள்வது உங்கள் பிழையல்ல. அந்தப் பின்னலின் இயல்பு. இஸ்திரி போட்டு அதைத் திருத்த முடியாது. இருபுறமும் ஐந்து கண்ணிகளை எல்லா வரிசையிலும் நிட் ஆகவே பின்னினால் அடங்கும். கழுத்துப் பகுதியில் கண்ணிகளை மூடிப் பின்னலை முடிக்கும்போது ஒரு அளவு பெரிய ஊசி எடுங்கள். இறுக மூடிய கழுத்து குழந்தையின் தலைக்குள் நுழையாது.

மெட்ரோவில் இருபது நிமிடம், கச்சேரி தொடங்குமுன் பத்து நிமிடம், கடற்காற்று ஏறிய மாலையில் மொட்டைமாடியில் அரைமணி. நகரத்தில் நிட்டிங்கின் சுகமே இந்தத் துண்டு நேரங்களில்தான். அதற்கு 80 செ.மீ. வட்ட ஊசி (வளையும் கம்பியால் இணைந்த இரண்டு ஊசிகள்) வேண்டும். தட்டையான துண்டையும் அதில் பின்னலாம், பக்கத்து இருக்கைக்காரரை முழங்கை இடிக்காது, எடை மடியில் தங்கும். எண்ணிக்கை தவறக்கூடாத லேஸ் (துளைகளால் பூவேலை செய்யும் பின்னல்) வேலையை ரயிலுக்கு எடுத்துப்போகாதீர்கள். வரிசையின் நடுவில் நிறுத்தவும் கூடாது. கண்ணி நழுவும், திசையும் குழம்பும். இறங்கவேண்டிய நிலையம் வந்தேவிட்டதா? திரும்ப எடுக்கும்போது கண்டிலிருந்து வரும் நூல் தொங்குகிற ஊசி வலக்கைக்கு வரவேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கைப்பின்னல் துணியைத் துவைக்காமல் இருப்பதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் முறுக்கிப் பிழியாதீர்கள். உலர்ந்த துண்டில் சுருட்டி, மேலே மிதித்து நீரை ஒற்றியெடுத்து, மின்விசிறிக்குக் கீழே தட்டையாக விரியுங்கள். கொடியில் போட்டால் ஈரத்தின் எடையே பருத்தியை இழுத்து நீட்டிவிடும். கம்பளியானால் வெந்நீரும் தேய்ப்பும் சேரவே கூடாது; இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும். காயாத ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். முழுக்கக் காய்ந்ததும் பருத்தித் துணிப்பையில் வைத்து, தை பிறந்து வெயில் ஏறியதும் ஒருமுறை எடுத்து நிழலில் உதறிக் காற்றாட விடுங்கள்.