மாசசூசெட்ஸ் மிகைவரியை நீங்களே கணக்கிடுவது எப்படி?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சம்பளம் உள்ளிட்ட பெரும்பாலான வருமானங்களுக்கு ஒரே வீதம்தான், 5 சதவீதம். வருமானம் ஏற ஏற வீதத்தையும் ஏற்றுவதற்கு அம்மாநில அரசியலமைப்பு இடம் தராததால், 2022 நவம்பரில் வாக்காளர்கள் ஏறத்தாழ 52க்கு 48 என்ற கணக்கில் ஒரு திருத்தத்தை ஏற்ற பிறகே, 10 லட்சம் டாலரைத் தாண்டும் வருமானத்தின் மீது 4 சதவீத மிகைவரி 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. கோடீஸ்வரர்களின் கவலைதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வீட்டை விற்கும் ஆண்டில் சம்பளக்காரரும் இதில் வந்து விழலாம்.

முதல் படி: அந்தந்த ஆண்டுக்குரிய வரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். விலைவாசிக்கேற்ப அது உயர்கிறது. 2023இல் 10,00,000 டாலராக இருந்தது, 2024இல் 10,53,750 ஆகவும் 2025இல் 10,83,150 ஆகவும் உயர்ந்தது.

இரண்டாம் படி: சம்பளம், வட்டி, மூலதன ஆதாயம் எல்லாவற்றையும் கூட்டி, கழிவுகள் போக எஞ்சும் வரிக்குரிய வருமானத்தைக் காணுங்கள். எடுத்துக்காட்டாக, சம்பளத்தில் வரிக்குரியதாக 3 லட்சம் டாலர் உள்ள ஒரு தம்பதி, 3 லட்சத்துக்கு வாங்கிக் குடியிருந்த வீட்டை 2024இல் 18 லட்சத்துக்கு விற்றதாகக் கொள்வோம். ஆதாயம் 15 லட்சம். குடியிருந்த வீடு என்பதால் தம்பதிக்குக் கிடைக்கும் 5 லட்சம் விலக்குப் போக 10 லட்சம். ஆக மொத்தம் 13 லட்சம். கூரை மாற்றியது, சமையலறையை இடித்துக் கட்டியது போன்ற செலவுகளை வாங்கிய விலையோடு சேர்த்து ஆதாயத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதால், பழைய ரசீதுகளைத் தேடி எடுப்பது வீண் வேலையன்று: இந்தத் தம்பதிக்கு 25,000 டாலர் ரசீது ஒன்று, 5 சதவீதமும் 4 சதவீதமும் சேர்த்து, 2,250 டாலர் மாநில வரியை மிச்சப்படுத்தும்.

மூன்றாம் படி: 13,00,000 முழுவதற்கும் 5 சதவீதம், அதாவது 65,000. வரம்பைக் கழித்தால் எஞ்சும் 2,46,250க்கு மட்டும் 4 சதவீதம், அதாவது 9,850. மொத்தம் 74,850 டாலர். புதியவர்கள் பலர் மொத்தத்தையும் 9 சதவீதத்தால் பெருக்கி, 1,17,000 என்று கண்டு கலங்கிவிடுகிறார்கள். இந்தியாவின் சர்சார்ஜ் நினைவில் இருப்பவர்களுக்கு வேறொரு குழப்பம் வரும். அங்கே அது வரித்தொகையின் மீது விழும், இங்கே வரம்புக்கு மேற்பட்ட வருமானத்தின் மீது விழுகிறது.

நான்காம் படி: தாக்கல் முறையைச் சரிபாருங்கள். 2023இல் கணவனும் மனைவியும் கூட்டாட்சி அரசுக்குச் சேர்ந்தும் மாநிலத்துக்குத் தனித்தனியாகவும் கணக்குக் காட்டி, ஆளுக்கொரு வரம்பைப் பெற முடிந்தது. 2024 வரியாண்டு முதல் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. கூட்டாட்சி அரசுக்குச் சேர்ந்து தாக்கல் செய்தால் மாநிலத்துக்கும் சேர்ந்தே தாக்கல் செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: முன்கூட்டியே செலுத்துங்கள். சம்பளத்தில் பிடிக்கப்படும் வரி இந்த 4 சதவீதத்துக்கும் போதுமா என்று பாருங்கள். போதாவிட்டால், வரிப் பிடித்தத்துக்காக நிறுவனத்திடம் கொடுக்கும் எம்-4 படிவத்தில் கூடுதல் பிடித்தம் கேட்கலாம். அல்லது ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி மாதங்களின் 15ஆம் தேதித் தவணைகளில் கட்டலாம். வீடு அக்டோபரில் கைமாறியிருந்தால், ஜனவரி 15 தவணையிலேயே அந்தத் தொகையைச் சேர்த்துவிடுங்கள்.