பழைய ஈஆர்பியை மாற்றத் தயங்கும் நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணக்கு, கொள்முதல், சரக்கு இருப்பு, சம்பளம் என அனைத்தும் ஒரே ஈஆர்பி (நிறுவன வளத் திட்டமிடல்) மென்பொருளை நம்பியிருக்கும்போது, அது எவ்வளவு பழையதானாலும் அதை மாற்ற நிர்வாகம் தயங்குவது இயல்பே. அமெரிக்க சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி, 48 மாதங்கள் தேவை எனக் கணிக்கப்பட்ட மாற்றத்தை 30 மாதங்களில் முடிக்க முனைந்ததால், 1999-இல் பண்டிகைக் கால விற்பனையின்போது சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியாமல் திணறியது. ஆகவே அச்சம் பொய்யானதன்று; அதற்கு இடங்கொடுத்து எடுக்கும் முடிவுகளில்தான் பிழை நேர்கிறது.

அவற்றுள் மிகப் பெரியது, மாற்றாமல் இருப்பதற்குச் செலவே இல்லை என்று எண்ணுவதாகும். புதிய மென்பொருளின் உரிமக் கட்டணமும் பயிற்சிச் செலவும் ஒரே தாளில் பெருந்தொகையாகத் தெரிகின்றன. பழையதன் செலவோ பல துறைகளில் சிதறிக் கிடப்பதால் எவர் கண்ணிலும் படுவதில்லை. மாதக் கணக்கை முடிக்க எக்செல் கோப்புகளோடு மல்லாடும் நாட்கள், ஒரே விவரத்தை இரண்டு இடங்களில் பதியும் உழைப்பு, பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் நின்றுவிட்ட சர்வர், பழைய நிரலை அறிந்த ஒரே ஊழியர் ஓய்வுபெற்றால் நேரும் வெற்றிடம் ஆகியவற்றையும் பணமாகக் கணக்கிட்டு எதிரே வைத்தால்தான் ஒப்பீடு நேர்மையானதாகும்.

பழைய மென்பொருளுக்கான ஆதரவு முடியும் கெடு நீட்டிக்கப்படும் என்று காத்திருப்பதும் தவறே. ஜெர்மானிய மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபியின் பழைய ஈஆர்பியான ஈசிசி 6.0-க்கான ஆதரவு 2025-இல் முடியும் என்றிருந்ததை அந்நிறுவனம் 2020-இல் மாற்றி, அண்மைப் பதிப்புகளுக்கு 2027 இறுதி வரையும், கூடுதல் கட்டணம் செலுத்துவோருக்கு 2030 வரையும் நீட்டித்தது. கிடைத்த அவகாசத்தை வெறுமனே கழித்தவர்கள், கெடு நெருங்கும்போது அனுபவமுள்ள ஆலோசகர்களுக்காகப் பிறரோடு போட்டியிட வேண்டியிருக்கும்.

துணிந்து இறங்கியவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: பழைய நடைமுறைகள் ஒவ்வொன்றையும் புதிய மென்பொருளுக்குள் அப்படியே திணிப்பது. ஜெர்மானியப் பல்பொருள் அங்காடி நிறுவனமான லிடில், சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் தன் வழக்கத்தை விடாமல், விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்ட மென்பொருளைத் தனக்கேற்ப மாற்ற முயன்றது. சுமார் 50 கோடி யூரோ செலவான பின் 2018-இல் அத்திட்டத்தையே கைவிட்டது. தொழிலின் தனித்தன்மைக்கு இன்றியமையாத நடைமுறை எது, பழக்கத்தால் மட்டுமே நீடிப்பது எது என்பதை முன்கூட்டியே பிரித்தறிய வேண்டும். அதற்கு அன்றாடம் அந்தத் திரையில் வேலை செய்பவர்களைக் கேட்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

தரவுச் சீரமைப்பைக் கடைசி மாதத்திற்குத் தள்ளிப்போடுவதும் பரவலான பிழை. ஒரே சப்ளையர் மூன்று பெயர்களில் பதிவாகியிருந்தால், புதிய மென்பொருளிலும் அதே குழப்பம்தான் தொடரும். இந்தச் சீரமைப்புக்கு இயக்குநர் குழுவின் இறுதி ஒப்புதலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மாற்றமே நிகழாமல் போனாலும் பயன் தரும் இவ்வேலையை, தயக்கம் நீடிக்கும் காலத்திலேயே தொடங்கிவிடலாம்.